குற்றவியல் முதுகலை: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பட்டப்படிப்பு முடிவுகள் வந்த கையோடு குற்றவியல் முதுகலையைப் பற்றி விசாரிக்கிறவர்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "இதைப் படித்தால் போலீஸ் வேலை கிடைக்குமா?" என்பதுதான். கிடைக்கலாம். ஆனால் இந்தப் பட்டம் இருப்பதால் மட்டும் கிடைக்காது. சார்பு ஆய்வாளர் தேர்வு எழுத ஏதாவது ஒரு பட்டம் போதும். பிறகு இந்த இரண்டு ஆண்டுப் படிப்பு எதற்கு? ஒரு புகார் எப்படி வழக்காகிறது, வழக்கு எப்படித் தண்டனையில் முடிகிறது அல்லது முடியாமல் போகிறது, வழியில் யார் யார் விடுபட்டுப் போகிறார்கள் என்பதை முறையாகக் கற்பதற்கு.

தமிழ்நாடு இந்தத் துறைக்குப் புதிதல்ல. மத்தியப் பிரதேசத்தின் சாகர் பல்கலைக்கழகம் 1959-ல் குற்றவியலையும் தடய அறிவியலையும் சேர்த்து ஒரு துறையைத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு வேரூன்றியது. இந்தியக் குற்றவியல் சங்கம் 1970-ல் சென்னையை மையமாகக் கொண்டுதான் பிறந்தது. தெற்கே திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியலுக்கும் குற்ற நீதிக்கும் தனித் துறை இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய ஆய்வை இந்தியாவில் வளர்த்தவர்களில் முக்கியமானவரான பேராசிரியர் கே. சொக்கலிங்கம், இந்த இரு பல்கலைக்கழகங்களோடும் தொடர்புடையவர்.

இனி வரும் குறிப்புகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம். குற்றவியலில் நம் கைக்கு எதுவும் நேராக வந்து சேர்வதில்லை. எண்ணாக இருந்தாலும் கோப்பாக இருந்தாலும், சிறைக்குள் நம் எதிரே வந்து உட்காரும் மனிதராக இருந்தாலும், பல கைகளைத் தாண்டித்தான் வருகிறது. அந்தக் கைகள் யாருடையவை, அவை என்ன செய்தன என்று கேட்கத் தெரிந்துகொள்வதுதான் இந்தப் படிப்பு.

சேரும் முன்

செய்யுங்கள்: பாடத்திட்டத்தை வாங்கி முழுவதும் படியுங்கள். குற்றவியல், தடய அறிவியல், சைபர் தடயவியல், குற்றச் சட்டம் என்று பெயர்கள் அடுத்தடுத்து நிற்பதால் எல்லாம் ஒன்று என நினைத்துச் சேர்ந்து, பாதியில் திகைக்கிறவர்கள் உண்டு. குற்றவியல் ஒரு சமூக அறிவியல். வரலாறோ பொருளாதாரமோ தமிழோ படித்தவர் இதில் நன்றாகவே வரலாம். ஆனால் இதை முடித்துவிட்டுத் தடய அறிவியல் ஆய்வகத்தில் ரத்தத்தையும் நஞ்சையும் சோதிக்கும் வேலைக்குப் போக முடியாது. அதற்கு அறிவியல் பட்டம் வேண்டும். ஆய்வகம்தான் உங்களை இழுக்கிறது என்றால் எம்.எஸ்சி. தடய அறிவியலைத் தேடுங்கள். நாட்டிலேயே முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849-ல் சென்னை மாகாணத்தில் அமைந்தது. 2020-ல் காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்டு தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. அது வேறு பாதை, நல்ல பாதை.

செய்யுங்கள்: களப்பணி எத்தனை நாள், எந்த இடங்களில், யார் மேற்பார்வையில் என்று துறையில் கேளுங்கள். நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். இவற்றுக்குத் தெளிவான பதில் தராத இடத்தில் கட்டணம் கட்டுவதற்கு முன் இன்னொரு முறை யோசியுங்கள்.

செய்யாதீர்கள்: வெப் சீரிஸ் பார்த்த வேகத்தில் சேராதீர்கள். தொடர் கொலையாளியின் மனதைப் படிப்பது இந்தப் பாடத்தில் ஓர் ஓரம் மட்டுமே. இங்கே நீங்கள் திரும்பத் திரும்பச் சந்திக்கப்போவது செயின் பறிப்பு, குடித்துவிட்டு நடந்த அடிதடி, சீட்டு நிறுவன மோசடி, வீட்டுக்குள் நடக்கும் வன்முறை, பிணைத்தொகை கட்ட ஆள் இல்லாமல் உள்ளே கிடக்கும் விசாரணைக் கைதி. இவர்களின் கதை உங்களைத் தொடாது என்றால் இரண்டு ஆண்டு வீண்.

முதல் பருவத்தில்

செய்யுங்கள்: சட்டங்களை மூல வடிவத்தில் படியுங்கள், வழிகாட்டி நூல் வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியமும் நடைமுறைக்கு வந்துவிட்டன. முறையே 358, 531, 170 பிரிவுகள். அதற்காகப் பழையதைத் தூக்கிப் போட்டுவிட முடியாது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்கள் பழைய தண்டனைச் சட்டத்தின்படிதான் தண்டிக்கப்படும். அந்த வழக்குகள் இன்னும் பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் ஓடும். கொலைக்கு 302 என்றும் 103 என்றும், மோசடிக்கு 420 என்றும் 318 என்றும் இரண்டையும் சேர்த்தே மனதில் பதியுங்கள்.

எண்கள் மாறியதை மட்டும் குறித்துக்கொண்டு நிற்காதீர்கள். உள்ளே மாறியவற்றைத் தேடுங்கள். சமுதாய சேவை முதல் முறையாகத் தண்டனைப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது நடைமுறைச் சட்டத்தின் 176-வது பிரிவு. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாத ஒருவர், இப்போது சாட்டப்பட்டிருக்கும் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் பிணையில் விட வேண்டும் என்கிறது 479-வது பிரிவு. வேறு வழக்குகளும் நிலுவையில் இருப்பவர்களுக்கும், மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும் இது பொருந்தாது. காகிதத்தில் இருக்கும் இந்த வரி உங்கள் மாவட்டச் சிறையில் எத்தனை பேருக்குக் கதவைத் திறந்தது என்பதே ஓர் ஆய்வுக்குப் போதும். இவற்றோடு நன்னடத்தைச் சட்டம் 1958, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012, இளைஞர் நீதிச் சட்டம் 2015 மூன்றையும் தவறாமல் படியுங்கள். பின்னாளில் வேலை கிடைத்தால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுக்குள்தான் கிடைக்கும்.

செய்யுங்கள்: பக்கத்தில் இருக்கும் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் போய் உட்காருங்கள். யாருடைய அனுமதியும் தேவையில்லை. நம் நாட்டில் விசாரணை பொதுவில் நடப்பது. போக்சோ, பாலியல் வன்முறை வழக்குகள் மட்டும் மூடிய அறையில் நடக்கும், அங்கே நுழையக்கூடாது. முதல் நாள் ஒன்றும் புரியாது. பெயரைக் கூப்பிடுகிறார்கள், யாரோ கை தூக்குகிறார்கள், ஒரு தேதி சொல்கிறார்கள், அடுத்த பெயர் வருகிறது. இரண்டாம் மூன்றாம் நாளில்தான் காட்சி விளங்கத் தொடங்கும். வாய்தா யார் கேட்டார்கள், என்ன காரணம் சொன்னார்கள், சாட்சி வந்தும் திருப்பி அனுப்பப்பட்டாரா, கூலி வேலையை விட்டுவிட்டு வந்த அந்தச் சாட்சிக்கு யாராவது நாற்காலி காட்டினார்களா என்றெல்லாம் குறிப்பு எடுங்கள். சாட்சிகள் ஏன் பிறழ் சாட்சி ஆகிறார்கள் என்று எழுதப்பட்ட கட்டுரைகளைவிட, நான்காவது முறையாக அலைக்கழிக்கப்பட்ட ஒருவரின் முகம் அதிகம் சொல்லித் தரும். காவல் துறைக் கோப்பின் மொழியும் இங்கேதான் பழகும்: முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர், வாக்குமூலம், குற்றப்பத்திரிகை. இந்தக் காகிதங்களை வரிவரியாகப் படிக்கத் தெரியாமல் பட்டம் வாங்கிச் செல்வது பெரிய இழப்பு.

செய்யாதீர்கள்: கோட்பாட்டாளர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்து தேர்வோடு மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு கோட்பாட்டையும் உங்கள் தெருவில் வைத்துப் பாருங்கள். குற்றம் செய்யத் துணிந்தவர், எளிதில் கைக்கு எட்டும் இலக்கு, தடுக்க ஆளில்லாத நேரம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடினால் குற்றம் நடக்கும் என்று 1979-ல் கோஹனும் ஃபெல்சனும் எழுதினார்கள். விடியற்காலையில் வாசலில் கோலம் போடும் பெண்ணிடம் செயின் பறிக்கப்படுவதற்கு இது அப்படியே பொருந்தும். சீட்டு நிறுவனம் ஊரையே ஏமாற்றியதற்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும்? அங்கே 1939-ல் சதர்லண்ட் பேசிய வெள்ளைக் காலர் குற்றம் பற்றிய கருத்து கைகொடுக்கும். முதலீட்டாளர்களைக் காக்கத் தமிழ்நாடு 1997-ல் தனிச் சட்டம் கொண்டுவர நேர்ந்த காரணத்தையும் அதோடு சேர்த்துப் படிக்கலாம்.

செய்யாதீர்கள்: எந்தச் சாதியையும் எந்தப் பகுதியையும் "குற்றம் மிகுந்தது" என்று ஒரு வரியில்கூட எழுதாதீர்கள். இதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தத் துறையின் கையில் பழைய கறை ஒன்று இருக்கிறது.

1876-ல் இத்தாலியில் லொம்ப்ரோசோ, மண்டையின் வடிவத்தைப் பார்த்தே பிறவிக் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று எழுதினார். குற்றம் ரத்தத்தில் வருகிறது என்ற எண்ணத்துக்கு அதற்கு ஐந்தாண்டு முன்பே இந்தியாவில் சட்ட வடிவம் கிடைத்துவிட்டது: 1871-ன் குற்றப் பரம்பரைச் சட்டம். 1911-ல் அது திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகத்தில் பிறந்ததே குற்றமாயிற்று. வயது வந்த ஆண்கள் கைரேகை வைத்துப் பெயர் பதிய வேண்டும், ஊரை விட்டுப் போவதென்றால் தெரிவிக்க வேண்டும். நம் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. சென்னை மாகாணத்தில் 1947-லும் நாடு முழுவதும் 1952-லும் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஒழித்தவர்களே 1948-ல் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்று இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். பழைய சந்தேகம் புதிய பெயரில் தொடர்ந்தது.

இது முடிந்துபோன வரலாறு என்றும் சொல்லிவிட முடியாது. சிறைகளில் நடக்கும் சாதிப் பாகுபாட்டுக்கு எதிராகப் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாதியை வைத்து வேலை பிரிக்கும் சிறை விதிகளையும், குற்றப் பரம்பரைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட சமூகங்களான சீர்மரபினரை வழக்கமான குற்றவாளிகளாகப் பார்க்கும் விதிகளையும் நீதிமன்றம் செல்லாதவை என்றது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் கைதிகள் சாதிவாரியாகப் பிரித்து வைக்கப்பட்டது அந்த வழக்கில் பேசப்பட்டது. அந்தச் சிறை, அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் படிக்கிற மாணவர் பேருந்து ஏறிப் போகும் தூரத்தில் இருக்கிறது. அந்தத் தீர்ப்பை முழுவதும் படிக்காமல் யாரும் முதல் ஆண்டைக் கடக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எண்களைக் கையாளும்போது

செய்யுங்கள்: தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் "கிரைம் இன் இந்தியா" அறிக்கையை எடுத்தவுடன் அட்டவணைக்குப் போகாதீர்கள், முன்பகுதியில் இருக்கும் விளக்கக் குறிப்புகளை முதலில் படியுங்கள். ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால், அவற்றில் மிகக் கடுமையானதை மட்டுமே காப்பகம் கணக்கில் எடுக்கிறது. பாலியல் வன்முறை செய்து கொலையும் செய்தால் அது கொலைக் கணக்கில் போகும். இந்த ஒரு விதி தெரியாமல் எழுதப்பட்ட பத்திரிகைக் கட்டுரைகள் ஏராளம்.

செய்யுங்கள்: கணக்கில் வராததைத் தேடுங்கள். தமிழ்நாட்டுக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் பலருக்கும் முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீதுதான். புகாரைப் பெற்றுக்கொண்டோம் என்பதற்கு அது அடையாளம். வழக்குப் பதிந்ததாக அதற்குப் பொருளில்லை. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சில வகைப் புகார்களுக்கு மட்டும் முதல்கட்ட விசாரணைக்கு இடம் கொடுத்தது. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்தலாம் என்று புதிய நடைமுறைச் சட்டமும் வழிவிடுகிறது. இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி எழுதி வாங்கி அனுப்பிவிட்டால் அந்தச் சம்பவம் எந்த அறிக்கையிலும் வராது. அடிபட்ட மனைவி, ஏமாந்த முதியவர், கடன்காரனிடம் மிரட்டல் வாங்கியவர் எல்லாரும் இந்த ரசீதோடு வீடு திரும்பியிருக்கலாம்.

செய்யாதீர்கள்: ஒரு மாநிலத்தில் பதிவு அதிகம் என்பதால் அங்கே குற்றம் அதிகம் என்று எழுதாதீர்கள். மக்கள் தயங்காமல் நிலையத்துக்குப் போகிறார்கள், போலீஸும் பதிகிறது என்பதாகவும் அது இருக்கலாம். ஒரு லட்சம் மக்களுக்கு எத்தனை என்ற வீதத்தைப் பாருங்கள். வெறும் எண்ணிக்கையை வைத்து உத்தரப் பிரதேசத்தையும் கோவாவையும் ஒப்பிடுவது பயனற்ற வேலை.

செய்யுங்கள்: சிறைப் புள்ளிவிவர அறிக்கையோடு நெருங்கிப் பழகுங்கள். 2022 முடிவில் நாட்டின் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூறில் எழுபத்தாறு பேர் அளவுக்கு, குற்றம் நிரூபிக்கப்படாமலே உள்ளே. அதே அறிக்கையில் தடுப்புக் காவலில் உள்ளவர்களின் பத்தியையும் பாருங்கள். நம்மூரில் குண்டர் சட்டம் என்று சொல்லப்படும் 1982-ன் 14-வது சட்டத்தில், விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை வைக்கலாம். இந்தப் பத்தியில் தமிழ்நாடு பல ஆண்டுகளாக முன்வரிசையில் நிற்கிறது. அந்தத் தடுப்புக் காவல் ஆணைகளை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வரும் ஆட்கொணர்வு மனுக்களின் தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆணைகள் எந்தக் காரணங்களுக்காக ரத்தாகின்றன என்று நூறு தீர்ப்புகளை வரிசையாகப் படித்துத் தொகுத்தாலே தரமான ஆய்வேடு தயாராகிவிடும். யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதும் இல்லை.

களத்துக்குப் போகும்போது

செய்யுங்கள்: அனுமதிக்கு முன்கூட்டியே எழுதுங்கள். மத்திய சிறைக்குள் ஆய்வு செய்யச் சிறைத் துறைத் தலைமையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். கூர்நோக்கு இல்லத்துக்குக் குழந்தைகள் நலத் துறையின் அனுமதி. மாதக் கணக்கில் ஆகும். மூன்றாம் பருவத்தில் விண்ணப்பித்து நான்காம் பருவத்தில் தரவு சேகரிக்கலாம் என்று திட்டமிட்டவர்கள் கடைசியில் தலைப்பையே மாற்ற வேண்டிவந்திருக்கிறது.

செய்யாதீர்கள்: விசாரணைக் கைதியிடம் "என்ன நடந்தது, நீங்கள் செய்தீர்களா?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். இதை எந்தப் பாடநூலும் போதுமான அழுத்தத்தோடு சொல்வதில்லை. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆய்வு மாணவரிடம் சொல்வதற்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் இந்தியச் சட்டத்தில் கிடையாது. போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்பதில்லை. ஆனால் வெளியார் ஒருவரிடம் சொன்னதை நீதிமன்றத்துக்கு வெளியே தரப்பட்ட வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள இடம் உண்டு. உங்கள் நோட்டுப் புத்தகம் ஒரு மனிதருக்கு எதிரான சாட்சியமாகிவிடலாம். சிறை வாழ்க்கை, குடும்பம், சட்ட உதவி கிடைத்ததா, மருத்துவம் எப்படி என்று கேளுங்கள். அவர் தானாகவே வழக்கைப் பற்றித் தொடங்கினாலும் மெதுவாக நிறுத்தி, ஏன் நிறுத்துகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

செய்யுங்கள்: குழந்தைகளோடு பேசும் முன் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவை உங்கள் வழிகாட்டியோடு உட்கார்ந்து படியுங்கள். ஒரு குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது உங்களுக்குத் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஆய்வுக்கான ரகசியம் என்று சொல்லி மறைக்க முடியாது. மறைத்தால் தண்டனை உண்டு. ஆகவே "நீங்கள் சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டேன்" என்ற வாக்கைக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள். எதை ரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது என்று முதலிலேயே எளிய தமிழில் சொல்லிவிடுங்கள்.

செய்யுங்கள்: ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதுங்கள், வாசித்துக் காட்டுங்கள், மறுக்கலாம் என்று சொல்லுங்கள். பக்கத்தில் காவலர் நிற்கும்போது கைதி சொல்லும் "சரி" உண்மையான சரிதானா என்று உங்களையே கேளுங்கள். தலையாட்டிவிட்டு எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் இருக்கிறவர் மறுப்பு தெரிவிக்கிறார் என்று புரிந்துகொண்டு நன்றி சொல்லி எழுந்துவிடுங்கள்.

செய்யாதீர்கள்: உள்ளிருந்து கடிதம், செய்தி, பணம், எண் எதையும் வாங்கிக்கொண்டு வெளியே வராதீர்கள். இரக்கத்தால் செய்தாலும் அது விதிமீறல். உங்களுக்குப் பின் வரும் மாணவர்களுக்கும் கதவு மூடிவிடும். "உங்கள் பிணைக்கு ஏற்பாடு செய்கிறேன்" என்று வாக்கும் கொடுக்காதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி இருக்கிறது என்ற தகவலைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

செய்யாதீர்கள்: பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரையும், வழக்கில் தொடர்புடைய குழந்தையையும் அடையாளம் காட்டும் எதையும் எழுதாதீர்கள். பெயரை மாற்றிவிட்டால் போதாது. சிறிய ஊரில் தெருவையும் தகப்பனாரின் தொழிலையும் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும்.

செய்யுங்கள்: உங்கள் மனதையும் கவனியுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கைகளையும் குழந்தைகளின் வாக்குமூலங்களையும் வாரக்கணக்கில் படித்தால் தூக்கம் கெடும், எரிச்சல் வரும். அது பலவீனம் அல்ல. நண்பரிடமோ ஆசிரியரிடமோ பேசுங்கள். 14416 என்ற டெலி-மனஸ் எண்ணில் தமிழிலும் ஆலோசனை கிடைக்கிறது.

ஆய்வேடு எழுதும்போது

செய்யுங்கள்: தலைப்பைச் சுருக்குங்கள். "இந்தியாவில் சைபர் குற்றங்கள்" என்பது ஆய்வுத் தலைப்பு அல்ல. இணையப் பண மோசடிக்கான 1930 எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுத்த ஓய்வூதியர்களுக்கு அதன் பிறகு என்ன நடந்தது என்பது தலைப்பு. ஒரு தாலுகா, ஒரு நீதிமன்றம், ஒரு சட்டப் பிரிவு போதும்.

செய்யாதீர்கள்: கூகுள் ஃபார்ம் ஒன்றைத் தயாரித்து வாட்ஸ்ஆப் குழுக்களில் அனுப்பி, கல்லூரி நண்பர்கள் நூறு பேர் நிரப்பியதை "பொதுமக்களின் கருத்து" என்று எழுதாதீர்கள். நம் துறையில் எழுதப்படும் முதுகலை ஆய்வேடுகளில் மிகப் பெரிய பலவீனம் இதுதான். ஐந்து விருப்பங்களில் ஒன்றை டிக் செய்த நூறு பேரைவிட, ஒன்றரை மணி நேரம் மனம் திறந்து பேசிய பத்து நன்னடத்தை அலுவலர்கள் அதிகம் சொல்வார்கள். எண்கள் வழியாகத்தான் செய்வேன் என்றால், மாதிரியை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒரு பத்தி நேர்மையாக எழுதத் தெரிய வேண்டும். மென்பொருளில் வந்த அட்டவணைகளை அப்படியே ஒட்டுவது பகுப்பாய்வு ஆகாது.

செய்யுங்கள்: முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் பாருங்கள். பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற நுட்பமான வழக்குகள் தவிர மற்றவற்றை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இணைய வசதி குறைந்த இடங்களுக்குச் சற்றுக் கூடுதல் அவகாசம் உண்டு. தேசிய நீதித்துறைத் தரவுத் தளத்தில் மாவட்ட நீதிமன்ற நிலுவை வரை கிடைக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் குறிப்பான கேள்வியாகக் கேட்டால் பல நேரம் பதில் வரும். விசாரணையைப் பாதிக்கும் என்று மறுக்கவும் சட்டத்தில் இடம் இருப்பதால், நடந்து முடிந்த வழக்குகளைப் பற்றிக் கேளுங்கள்.

செய்யாதீர்கள்: பணம் கொடுத்தால் ஒரு வாரத்தில் வெளியிடும் இதழ்களில் கட்டுரை போடாதீர்கள். தரமான இதழ்களைப் பட்டியலிட்ட யூ.ஜி.சி.-கேர் பட்டியல் 2025-ல் கைவிடப்பட்டதால், எந்த இதழ் தரமானது என்று நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய பொறுப்பு கூடியிருக்கிறது. ஆய்வேட்டை எழுதித் தரும் கடைகளிடமும் போகாதீர்கள். நீதியைப் படிக்கிறவர் செய்யும் மோசடி சின்ன விஷயம் அல்ல.

படிப்புக்குப் பின்

செய்யுங்கள்: முதல் ஆண்டிலேயே நெட் தேர்வுக்கு ஆயத்தமாகுங்கள். குற்றவியல் அதில் தனிப் பாடம், எண் 68. உதவிப் பேராசிரியர் பணிக்கும் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் அது கதவு, ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. தமிழ்நாடு அரசுப் பணியில் நன்னடத்தை அலுவலர், சிறைத் துறைப் பணியிடங்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, ஒருங்கிணைந்த சேவை மையம் ஆகியவை இந்தப் படிப்புக்கு நெருக்கமானவை. இவற்றில் பல ஒப்பந்தப் பணிகள், சம்பளமும் குறைவு. தெரிந்தே போங்கள். ஒவ்வோர் அறிவிப்பிலும் கல்வித் தகுதிப் பத்தியை நீங்களே படியுங்கள். யாரோ சொன்னதை நம்பி விண்ணப்பக் கட்டணம் கட்டாதீர்கள். வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் மோசடி கண்டறியும் பிரிவுகள் வளர்ந்துவருகின்றன. அங்கே கணக்கும் ஆங்கிலமும் கூடத் தெரிந்திருக்க வேண்டும்.

செய்யாதீர்கள்: வேலை கிடைத்ததும் எளிய மனிதர்களிடம் அதிகாரக் குரலில் பேசாதீர்கள். பெயரைச் சொல்லி, "வாங்க, உட்காருங்க" என்று தொடங்குங்கள். காவல் நிலையத்திலிருந்து நீதிமன்றம் வரை அவர்களிடம் அப்படிப் பேசியவர்கள் மிகக் குறைவு.

ஆய்வேடு ஏற்கப்பட்ட பிறகு, அதன் முடிவுகளை இரண்டு பக்கத்தில் எளிய தமிழில் எழுதுங்கள். நீங்கள் தரவு எடுத்த சிறைக்கோ இல்லத்துக்கோ நீதிமன்றத்துக்கோ நேரில் போய் அதைக் கொடுங்கள். பல்கலைக்கழக நூலகத்து அலமாரியில் இருக்கும் ஆங்கிலப் பிரதியை அங்கே வேலை செய்யும் யாரும் வந்து படிக்கப்போவதில்லை. இந்த இரண்டு பக்கத்தை அவர்கள் படிப்பார்கள்.